ஒரு கோப்பை மோக்காவில் அரைக் காய் கோகோ

எங்கள் உழவர் உதவியகத்துக்கு வரும் விவசாயிகளில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மேடம், தென்னைக்கு நடுவுல கோகோ போடலாமா? கிலோ ஆயிரம் ரூபாய்னு பேப்பர்ல போட்டிருந்தானே!" என்கிறார்கள். பாகூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அந்தப் பேப்பரையே மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. 2024-ம் ஆண்டு உலகச் சந்தையில் கோகோ ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டியது. அந்த டிசம்பரில் 12,000 டாலரையும் தாண்டியது. நம் நாட்டில் காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டது. உலக கோகோவில் பாதிக்கும் மேல் தருவது மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகள்தான். அங்கே மழை தவறியது, மரங்களுக்கு வயதாகிவிட்டது, தண்டு வீக்க வைரஸ் நோயும் பரவியது. அதனால் ஏறிய விலை அது. 2025-ம் ஆண்டு முடிவதற்குள் அது பாதியாக இறங்கியும்விட்டது. ஏறியதைப் பெரிய எழுத்தில் போட்ட பேப்பர்கள், இறங்கியதை அந்த அளவுக்குப் போடவில்லை.

'போடலாமா' என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால் கோகோ கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மோக்கா என்பது என்ன?

எங்கள் புதுச்சேரி நகரத்தில் கடற்கரையை ஒட்டிய ஒயிட் டவுன் வீதிகளில் இப்போது காபிக் கடைகள் அதிகம். சனி, ஞாயிறுகளில் வெளியூர்க் கூட்டம் நெரிகிறது. என் அண்ணன் மகன் ஹோட்டல் படிப்பு படித்துவிட்டு, அப்படி ஒரு கடையில் காபி போடும் வேலையில் இருக்கிறான். அங்கே அதிகம் போகும் பானங்களில் ஒன்று 'மோக்கா'. சுருக்கமாகச் சொன்னால் சாக்லேட் கலந்த எஸ்பிரெசோ காபி.

ஒரு நாள் மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அதை எப்படிப் போடுகிறான் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். எஸ்பிரெசோ என்பது இயந்திரத்தில் இறக்கும் டிகாக்‌ஷன். நம் பில்டரில் சுடுதண்ணீர் தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்க 15, 20 நிமிடம் ஆகும். இந்த இயந்திரத்தில் 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை, நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில், பொடிக்குள் தள்ளுகிறார்கள். 25 முதல் 30 விநாடியில் வேலை முடிந்துவிடும். 18 கிராம் பொடியில் இரண்டு வாய் அளவுக்குக் கெட்டி டிகாக்‌ஷன் இறங்குகிறது. அதை உருக்கிய சாக்லேட்டில் ஊற்றிக் கலக்கி, நீராவியில் நுரைத்த பாலைச் சேர்த்தால் மோக்கா.

மோக்கா என்பது செங்கடல் கரையில், ஏமன் நாட்டில் உள்ள ஒரு துறைமுகத்தின் பெயர். ஒரு காலத்தில் உலகத்துக்கே காபிக் கொட்டை அங்கிருந்துதான் கப்பல் ஏறியது. அந்தக் கொட்டையில் சாக்லேட் வாசம் தூக்கலாக இருந்ததாகவும், அதனாலேயே சாக்லேட் கலந்த காபிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாகவும் சொல்வார்கள். பாபா புடான் என்ற பெரியவர் ஏழு காபி விதைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்ததும் அந்த ஏமன் பக்கத்திலிருந்துதான் என்பது நம் நாட்டில் வழங்கும் கதை.

கோகோவும் நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1798-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் கோகோக் கன்றுகளை நட்டிருக்கிறார்கள். ஆனால், வணிகப் பயிராக அது வேர் பிடித்தது 1965-க்குப் பிறகு, கேரளத்தின் வயநாட்டில் கேட்பரி நிறுவனம் மாதிரிப் பண்ணை தொடங்கிய காலத்தில்தான். தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் பரவியது அதற்கும் பிறகு.

"இந்த சாக்லேட் எங்கேருந்துடா வருது?" என்று கேட்டேன். டப்பாவைத் திருப்பிக் காட்டினான். ஐரோப்பாவில் தயாரானது. "காபிக் கொட்டை நம்ம ஊருதான் அத்தை. சாக்லேட்தான் கப்பல்ல வருது" என்றான்.

கோப்பைக்குள் ஒரு கணக்கு

விவசாய இலாகாவில் முப்பது வருடம் வேலை பார்த்தால் எதைப் பார்த்தாலும் கணக்குப் போடத் தோன்றும். அன்று அந்தக் கோப்பையின் விலை 240 ரூபாய்.

18 கிராம் காபிப் பொடிக்கு வறுக்காத கொட்டை ஏறக்குறைய 22 கிராம் வேண்டும். பழமாகக் கணக்கிட்டால் சுமார் 70 காபிப் பழம். பறித்த கைக்கு அது இரண்டு பிடி. அடுத்தது சாக்லேட். ஒரு கோப்பைக்குத் தேவையான சாக்லேட்டுக்கு 20 கிராம் காய்ந்த கோகோக் கொட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோகோக் காயில் 35 முதல் 40 கொட்டை இருக்கும். காய்ந்தால் ஒரு கொட்டை ஒரு கிராம். ஆக, அரைக் காய். பால் 150 மில்லி.

காபிக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்றால் 11 ரூபாய். கோகோ கிலோ 400 ரூபாய் என்றால் 8 ரூபாய். பால் லிட்டர் 40 ரூபாய் என்றால் 6 ரூபாய். மூன்று விவசாயிக்கும் சேர்த்து 25 ரூபாய். கோப்பை விலையில் பத்தில் ஒரு பங்கு.

கடைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடல் பார்த்த வீதியில் வாடகை, லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரம், ஆள் சம்பளம், மின்சாரம், வரி எல்லாம் அந்த 240-க்குள் அடங்க வேண்டும். நமக்கு உரிய கேள்வி வேறு. அந்த 8 ரூபாய் 12 ரூபாய் ஆவதும், 5 ரூபாய் ஆவதும் எந்த இடத்தில் முடிவாகிறது?

காய் உடைத்த பிறகான ஆறு நாட்களில்தான்.

சாக்லேட் வாசம் பிறக்கும் இடம்

கோகோக் காயை உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள் இருக்கும். சதை சீதாப்பழம்போல இனிக்கும். கொட்டையைக் கடித்தால் கசப்பும் துவர்ப்பும்தான். சாக்லேட் வாசம் கொஞ்சமும் இருக்காது. அப்படியே வெயிலில் காயவைத்து வறுத்தாலும் வராது. புளிக்க வைத்தால்தான் வரும்.

இட்லி மாவு புளிப்பதைப் போன்றதுதான் இதுவும். சதையில் உள்ள சர்க்கரையை முதலில் ஈஸ்ட் தின்று சாராயமாக்குகிறது. பிறகு வேறு பாக்டீரியாக்கள் அந்தச் சாராயத்தைக் காடியாக மாற்றுகின்றன. அப்போது குவியல் 45 முதல் 50 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் கொட்டையின் முளை செத்துப்போகிறது. உள்ளே இருக்கும் புரதம் உடைகிறது, துவர்ப்பு குறைகிறது, ஊதா நிறம் பழுப்பாகிறது. பிறகு வறுக்கும்போது வரும் வாசத்துக்கெல்லாம் மூலப்பொருள் இந்த நாட்களில்தான் உருவாகிறது. இதில் தவறிய கொட்டையை எந்தப் பெரிய தொழிற்சாலையும் பிறகு திருத்த முடியாது.

சிறு விவசாயிக்கு ஏற்றது கூடை முறை. நெருக்கமாகப் பின்னிய மூங்கில் கூடை போதும். இரண்டு கிலோ முதல் ஆறு கிலோ ஈரக்கொட்டைக்குக்கூடச் சிறு கூடைகளில் செய்யலாம்.

கூடையின் உள்ளே வாழை இலையை ஆங்காங்கே கிழித்து விரியுங்கள். சாறு வடிய வேண்டும். கொட்டையைக் கொட்டி, மேலே வாழை இலை மூடி, சிறு பாரம் வையுங்கள். முதல் நாள் கூடையைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் சாறு வடிந்துவிடும். மறுநாள் கூடையைச் சாக்குப் பையால் சுற்றி மூடுங்கள். சூடு வெளியேறக் கூடாது. 48 மணி நேரத்திலும் 96 மணி நேரத்திலும் கிளறிவிடுங்கள். ஆறு நாளில் முடிந்துவிடும். ஏழாம் நாள் வெயிலுக்கு எடுக்கலாம்.

வெயிலில் ஒரு வாரம் வரை ஆகும். ஈரம் 6, 7 சதவிகிதத்துக்கு வர வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் நொறுநொறுவென்று சத்தம் கேட்டால் சரி. பிறகு பத்துக் கொட்டையை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். பழுப்பாக, உள்ளே வெடிப்பு ஓடியிருந்தால் நன்றாகப் புளித்தது. ஊதாவாக இருந்தால் அரைகுறை. சிலேட்டுப் பலகை நிறத்தில் இருந்தால் புளிக்கவே இல்லை.

ஆனைமலைத் தோப்பில் நடந்தது

கோவையில் என்னோடு வேளாண்மை படித்த தோழிக்கு ஆனைமலைப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னை. ஊடே கோகோ போட்டு வருடங்கள் ஆகின்றன. காயை உடைத்து ஈரக்கொட்டையாக வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள். விலை படுத்திருந்த ஒரு வருடத்தில் அவள் கணவர், "அணில் தின்னது போக மிச்சம் நமக்கு, நமக்கு வந்ததும் ஆள் கூலிக்கே சரி" என்று சொல்லி, மரங்களை வெட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டார். மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய வருடம் அது. வெட்டிவிட்டால் அந்த இடத்தில் வாழை போட்டு உடனே காசு பார்க்கலாம் என்பது அவர் எண்ணம்.

தோழி ஒரு வருடம் தவணை கேட்டாள். பாதி மரம் நின்றது, பாதி போனது. மகள் கட்டணத்துக்குச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கினார்கள். அவள் கூடை வாங்கினாள்.

முதல் மூட்டையை ஒரு சிறு சாக்லேட் தயாரிப்பாளர் வெட்டிப் பார்த்தார், முகர்ந்தார், திருப்பி அனுப்பிவிட்டார். புளித்தது சரியாகத்தான் இருந்தது. வத்தல் மிளகாய் காயவைத்த அதே களத்தில் கோகோவையும் காயவைத்திருந்தார்கள். கோகோப் பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். மிளகாய், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, அடுப்புப் புகை எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

போனில் அழுதாள். "வெட்டியிருந்தா இந்நேரம் வாழை குலை தள்ளியிருக்கும்டி" என்றாள். ஆனால், இரண்டாவது மூட்டைக்குத் தரையை விட்டு உயர்த்திய மூங்கில் தட்டி போட்டாள். அந்த மூட்டை போனது. அடுத்த மூட்டைக்கு ஆளே தேடி வந்தது. 2024-ல் விலை ஏறியபோது நகை வீட்டுக்கு வந்தது. 2025-ல் இறங்கியபோது அவள் பயப்படவில்லை. "யாரு எங்கிட்ட வாங்குறாங்கன்னு எனக்குத் தெரியும். எதுக்கு வாங்குறாங்கன்னும் தெரியும்" என்றாள்.

வாங்குகிறவர்களும் இப்போது நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எங்கள் ஊரை ஒட்டிய ஆரோவில்லில் 'மேசன் அண்ட் கோ', தென்னிந்தியக் கோகோவிலிருந்து சாக்லேட் செய்கிறது. ஆனைமலை அடிவாரத்தில் 'சோக்லெட்' தன் சொந்தத் தோப்புக் கோகோவிலிருந்தே செய்கிறது. இப்படிக் கொட்டையிலிருந்து கட்டிவரை தாங்களே செய்பவர்களுக்கு, புளிக்க வைத்த விதம்தான் முதல் கேள்வி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உலகம் முழுவதும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் பலர் கோகோ அரைக்கப் பயன்படுத்தும் கல் இயந்திரம், கோவையில் இட்லி மாவுக்காகச் செய்த டேபிள் டாப் கிரைண்டரின் வழியில் வந்ததுதான். புவிசார் குறியீடு பெற்ற நம் கோயம்புத்தூர் வெட் கிரைண்டரைச் சொல்கிறேன்.

ஈரக்கொட்டையா, காய்ந்த கொட்டையா?

மூன்று கிலோ ஈரக்கொட்டை காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. இதை மட்டும் மனதில் வையுங்கள். ஈரக்கொட்டை விலையை மூன்றால் பெருக்கி, கிலோவுக்கு உங்கள் கூலியைக் கூட்டுங்கள். காய்ந்த கொட்டையின் விலை அதைவிட அதிகமாக இருந்தால் புளிக்க வைக்கலாம். இல்லாவிட்டால் ஈரமாகவே விற்றுவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அடைமழைக் காலத்தில் காயவைக்க வசதி இல்லாதவர்களும் ஈரமாக விற்பதே நல்லது. பூஞ்சணம் பிடித்த கொட்டையை யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால், புளிக்க வைக்கத் தெரிந்தவருக்கு இரண்டு வழி இருக்கிறது. தெரியாதவருக்கு ஒரே வழிதான்.

கேரளத்தில் 1970-களில் கோகோ வேகமாகப் பரவி, பிறகு விலை விழுந்தது. வாங்க ஆள் இல்லாமல் பலர் மரத்தையே வெட்டினார்கள். அப்போது கர்நாடகம், கேரளம் இரண்டு மாநிலப் பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான 'காம்ப்கோ' கோகோவை வாங்க முன்வந்தது. 1986-ல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் தொழிற்சாலையும் தொடங்கியது. விலை ஏறும்போது நடுவதும், இறங்கும்போது வெட்டுவதுமாக இருந்தால் மரம் காய்க்கும் வருடத்தில் நாம் தோட்டத்தில் இருக்க மாட்டோம்.

வீட்டில் மோக்கா

இயந்திரம் இல்லாமலே போடலாம். நம் பித்தளை பில்டர் போதும்.

முதல் டிகாக்‌ஷன் மட்டும் வேண்டும். கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு நான்கு மேசைக்கரண்டி பொடி போட்டு, லேசாக அழுத்தி, கொதி அடங்கிய தண்ணீர் அரை டம்ளர் ஊற்றுங்கள். சிக்கரி கலக்காத பொடியாக இருப்பது நல்லது. காபியில் சிக்கரி கலப்பது, நெப்போலியன் காலத்தில் காபி வரத்து நின்றபோது பிரெஞ்சுக்காரர்களிடம் வேகமாகப் பரவிய பழக்கம். பில்டர் காபிக்கு அது கெட்டித்தன்மை தரும். ஆனால், கோகோவோடு சேர்ந்தால் கசப்பு அதிகமாகிவிடும்.

இனிப்பு சேர்க்காத கோகோப் பொடி இரண்டு தேக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை மூன்று தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. இதை நேராகப் பாலில் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். முதலில் இரண்டு கரண்டி சுடுதண்ணீர் விட்டுப் பசைபோலக் குழைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் சூடான டிகாக்‌ஷனை ஊற்றிக் கலக்குங்கள். கடைசியில் ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி, உயர்த்தி ஆற்றி நுரையோடு ஊற்றுங்கள். இயந்திரம் நீராவியால் செய்யும் வேலையை நம் டம்ளர், டபரா செய்துவிடும்.

தோட்டத்தில் கோகோ உள்ளவர்கள், காய்ந்த கொட்டையை இரும்புச் சட்டியில் நிலக்கடலை வறுப்பதுபோலச் சிறு தீயில் 20 நிமிடம் வறுத்து, தோல் நீக்கி, மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தும் பயன்படுத்தலாம். ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது, பட்டால் இறுகிவிடும். கொழுப்பு நீக்காததால் கடைப் பொடிபோல நைசாக வராது, வடிகட்டிக் குடியுங்கள். வியாபாரி என்ன வாங்குகிறார் என்று தெரிந்துகொள்ள, நம் கொட்டையை நாமே ஒருமுறை குடித்துப் பார்ப்பதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

சரி, போடலாமா?

இப்போது பாகூர்ப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். கோகோவுக்கு வருடம் 1,500 மில்லிமீட்டர் மழை, அதுவும் பரவலாக வேண்டும். அல்லது கோடையில் தவறாத பாசனம் வேண்டும். புதுச்சேரியில் பெய்வது ஏறக்குறைய 1,300 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. உப்புத் தண்ணீர் கோகோவுக்கு ஆகாது. பலத்த காற்றும் ஆகாது. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் நம் தோப்புகளை என்ன செய்தது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆகவே, கடலோரத் தோப்புகளுக்கும், போர் தண்ணீர் உப்பாகிவரும் ஊர்களுக்கும் வேண்டாம் என்றே சொல்கிறேன். உள்ளே தள்ளி, நல்ல தண்ணீரும் வயதான தென்னை நிழலும் உள்ளவர்கள், முதலில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதியுங்கள். பத்து, இருபது கன்று மட்டும் வைத்துப் பாருங்கள். ஒரே மரத்தின் கன்றுகளாக வாங்காதீர்கள். பல கோகோ மரங்களில் தன் மகரந்தம் தனக்கே ஒட்டாது. இரண்டு, மூன்று ரகம் கலந்து வைத்தால்தான் காய் பிடிக்கும். மூன்றாம் வருடம்தான் காய் பார்க்க முடியும். வாங்குகிறவர் யார் என்று கேட்டுவிட்டுக் குழி வெட்டுங்கள். குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெரியவர் கேட்டுக்கொண்டார். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்போ எனக்கு அந்தக் கோப்பையில பங்கே இல்லையாம்மா?" என்றார். "உங்க வீட்டுல ரெண்டு கறவை நிக்குதே ஐயா" என்றேன். அந்தக் கோப்பையில் அளவால் அதிகம் இருப்பது பால்தான். அவருடைய தோப்பில் தென்னைக்கு நடுவே இப்போது கோ-4 தீவனப்புல் நிற்கிறது. கோகோ பத்துக் கன்று, கிணற்றடியில், அவருடைய மருமகள் பிடிவாதமாக வைத்தது. காய்த்தால் எப்படிப் புளிக்க வைப்பது என்று அந்தப் பெண் இப்போதே எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.